ஒரு மரியாதைக்குக் கிடைத்த இம்பாலா

1

நான் குவைத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் முடிந்த வெள்ளிக்கிழமை, என் மனைவி மலர் பதினேழடிக்கும் மேல் நீளமான ஒரு காரைத் தவறுதலாக வாங்கிவிட்டாள். காசு கொடுத்து வாங்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, தலையைக் குனிந்து, கோயிலில் விபூதி வாங்குவதுபோல வாங்கினாள்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு, 'உனக்கென்னடாப்பா, ராசயோகம்' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

என் பெயர் ராஜா. அபு நாஸர் என்ற குவைத்திப் பெரியவரின் கட்டடப் பொருள் கடையில் கணக்காளன். மலரோடும் மகள் அபியோடும் அப்பாசியாவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறேன். ஆனால் என் குடியிருப்பு அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'சமையல்காரர்' என்று போட்டிருக்கும். நான் வந்த காலத்தில் அபு நாஸரின் கையில் மிஞ்சியிருந்த விசா அதுதான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். இந்த நாட்டில் 'பிறகு' என்பது மிக நீளமான சொல். சமையல்காரனுக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் இருபத்தைந்து வருடமாக பஸ்ஸில் போய்வரும், ஒரு முட்டை பொரிக்கத் தெரியாத சமையல்காரன்.

என் கஃபீலும் அபு நாஸர்தான். அதாவது இந்த நாட்டில் நான் இருப்பதற்கு அவரே பொறுப்பு. எழுபது வயது தாண்டிவிட்டார். கத்துவார், பிறகு தேநீர் வாங்கித் தருவார். மலரின் விசாவுக்காக எனக்குப் பதிலாகத் தானே போய் வரிசையில் நின்று ஒரு அதிகாரியோடு சண்டை பிடித்தவர். அப்படிப்பட்ட மனிதரின் உயிரைத்தான் மலர் அன்றைக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

2

அந்தக் கார் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு இம்பாலா. அவருடைய தகப்பனார் புதிதாக இறக்குவித்தது. வெளிறிய பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை. பின்பக்கத்தில் இரண்டு இறக்கைகள் கிடையாக விரிந்து நிற்கும். அவற்றின் கீழே பூனைக்கண் போல இரண்டு சிவப்பு விளக்குகள். அபு நாஸர் அதில்தான் கார் பழகினார், அதில்தான் கலியாணத்துக்குப் போனார். ஈராக் படை வந்தபோது கிடங்கில் சீமெந்து மூட்டைகளைக் கூரைவரை அடுக்கி, அவற்றின் பின்னால் அதை ஒளித்துவைத்தார். வீட்டில் நின்ற மற்றக் கார்கள் எல்லாம் போயின. அவற்றைப் பற்றி அவர் பேசியதே கிடையாது. எனக்கு அது விளங்கும். நாங்களும் இடம்பெயரும்போது தையல் மெசினைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு ஓடிய ஆட்கள்.

வளைகுடாக்காரருக்கு இந்தப் பழைய அமெரிக்கக் கார்களில் அப்படி என்ன பித்து என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இப்போது வரும் கார்கள் எல்லாம் பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டிபோல ஒரே அச்சில் இருக்கின்றன. அந்தக் காலத்துக் காரைச் செய்தவன் ஒன்றையும் மிச்சம்பிடிக்க நினைக்கவில்லை. தகடு நிறைய, கண்ணாடி நிறைய, பளபளக்கிற நிக்கல் நிறைய. இறக்கைக்கு ஒரு உபயோகமும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறானே என்பதிலேயே பார்க்கிறவனின் மனம் இளகிவிடுகிறது. எண்ணெய் பொங்கத் தொடங்கிய காலத்தில் வந்து இறங்கிய கார் அது. இனி எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு முழு ஊரும் நம்பிய காலத்தின் கார்.

அபு நாஸரின் காரை நான் ஒவ்வொரு முறை காணும்போதும் புகழ்வேன். அவர் உடனே நெஞ்சை நிமிர்த்தி, "தஃபத்தல், அது உன்னுடையது, எடுத்துக்கொள்" என்பார். நான் கையை நெஞ்சில் வைத்து, "உங்களிடமே இருக்கட்டும், அங்கேதான் அதற்கு அழகு" என்பேன். இருவருக்கும் சந்தோசம். இங்கே அதுதான் வழக்கம். பேனாவைப் புகழ்ந்தால் பேனாவை நீட்டுவார்கள், கடிகாரத்தைப் புகழ்ந்தால் கடிகாரத்தைக் கழற்றுவார்கள். வாங்காமல் விடுவது நம் பங்கு. இந்தக் காரை இப்படி எத்தனை தரம் நான் வேண்டாம் என்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இதை மலருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் வளர்ந்த வீட்டில், நல்ல நாளில் பெரியவர் ஒருவர் ஒன்றைத் தரும்போது வேண்டாம் என்பதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

அன்றைக்கு என் இருபத்தைந்து வருடத்தைக் கொண்டாட அபு நாஸர் எங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் பின்வளவுக் கொட்டகைக்கு அழைத்துப்போய்ப் போர்வையை இழுத்தார். மலர் அப்படியே நின்றுவிட்டாள்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் கலியாணக் கார் ஏ-40 என்ற பழைய பிரிட்டிஷ் கார். யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம், பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஏமாற்றி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். கோயிலிலிருந்து வரும் வழியில் அது ஏமாற மறுத்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை மாலையோடு இறங்கிக் கார் தள்ளுவதைப் பார்த்துச் சனம் கைதட்டியது. மலரின் கூறைச் சேலையில் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறதாம். எனக்கு மணப்பதில்லை.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை மாப்பிள்ளை, பொம்பிளை, தோழன், தோழி, ஐயர் எல்லாரையும் ஏத்தலாம் போலை" என்று என் காதில் சொன்னவள், அபு நாஸரைப் பார்த்து, "வெரி பியூட்டிஃபுல் கார்" என்றாள்.

"தஃபத்தல்" என்று அவர் சாவியை நீட்டினார். "இட் இஸ் யுவர்ஸ்."

நான் நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோக முதல், மலரின் இரண்டு கையும் நீண்டுவிட்டன. "ஷுக்ரன், ஷுக்ரன்" என்றாள். நன்றி என்பதற்கான அந்தச் சொல், அவளுக்குத் தெரிந்த மூன்று அரபுச் சொற்களில் ஒன்று. அபு நாஸர் தன் வெறுங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல்லுப் பிடுங்க வாயைத் திறந்தவரின் சிரிப்பு.

3

அடுத்த நாள் காலையில் காரைக் கொண்டுவந்தது முருகேசன். அபு நாஸரின் டிரைவர், பரமக்குடிக்காரர்.

"அண்ணே, இத எங்கனண்ணே நிப்பாட்டுறது? கப்பலக் கொண்டாந்து கம்மாயில விட்ட மாதிரி இருக்கு."

அப்பாசியாவில் ஒரு சைக்கிளை நிறுத்துவதற்கே வம்சவழி உரிமை வேண்டும். பேக்கரியின் பின்னால் இருக்கும் மணல்வெளியில் இரண்டு கார் நிற்கும் இடத்தைப் பிடித்து நிறுத்தினோம். அதனால் இரண்டு குடும்பம் எங்களோடு பேச்சை விட்டது. தூசு படாமல் மூட மலர் வீட்டிலிருந்த கட்டில் விரிப்புகளை எல்லாம் கொண்டுபோனாள். அப்படியும் ஒரு இறக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் வெறும் மெத்தையில் படுத்தோம்.

"அண்ணே, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?" என்று மறுநாள் கடையில் முருகேசன் குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி நேத்து சாப்புடல. காலைல எந்திரிச்சுப் போயி அந்தக் காலிக் கொட்டாயில நிக்கிறாரு. நான் என்னா சார்னு கேட்டா, தூசியாக் கெடக்கு, கூட்டுங்கிறாரு. கூட்டுனா, எதுக்குக் கூட்டுனேங்கிறாரு."

வீட்டுக்கு ஓடினேன். நான் விசயத்தை விளக்கியதும் மலர் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த மனிசன் சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னவரே? ஐயோ, கடவுளே! நீங்கள் என்னத்துக்கப்பா பக்கத்திலை மரம் மாதிரி நிண்டனீங்கள்? காலிலை ஒரு மிதி மிதிச்சிருக்கக் கூடாதே?"

"மிதிக்க முதல் நீர் ஷுக்ரன் சொல்லிப்போட்டீர்."

இதற்கிடையில் ஊரே காரைப் பார்க்க வந்தது. வேலைத்தலத்து பஸ்ஸிலிருந்து இறங்கும் ஆட்கள், நீல உடுப்போடு ஒவ்வொருவராக இறக்கையில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றிரவே தெலுங்கானாவிலும் நேபாளத்திலும் எத்தனை வீடுகளில் அந்தப் பச்சைக் கார் பெருமையைக் கிளப்பியிருக்குமோ தெரியாது. ஃபர்வானியாவில் இருந்து ஒரு மலையாளி வந்து தம்பியின் கலியாணத்துக்குக் கேட்டார். பேக்கரி ஆப்கானி தினமும் ஒரு ரொட்டி கூடப் போட்டுத் தந்தார். நான் அதற்கு முன்னும் அதே ஆள்தான். காரோடு சேர்த்துத்தான் என்னைக் கண்டார்கள்.

ஒரு விசயத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. பதினாறு வயது அபி எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள், அதுவும் அளந்து. கைபேசியைப் பிடித்தபடி அறைக்கதவைச் சாத்திவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் திறக்கும். அந்த அபி தினமும் மாலையில் கீழே வந்து இம்பாலாவின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வாங்குப்பலகைபோல நீண்ட ஒரே இருக்கை. மூன்று பேரும் ஒட்டி இருக்கலாம். எங்களுக்கு ஓட்டத் தெரியாத காருக்குள் நாங்கள் வேர்வையோடு இருந்து ஊர்க்கதை பேசினோம். கைபேசிக்குச் சார்ஜ் போட அந்தக் காரில் வழியில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"அப்பா, யூ புஷ்ட் த வெடிங் கார்? சீரியஸ்லி? மாலையோட?"

"ஓம், மாலையோடைதான். கொம்மா உள்ளுக்கை இருந்து சிரிச்சுக்கொண்டிருந்தவ."

"நான் சிரிக்கேல்லை. மண்ணெண்ணைப் புகைக்கு இருமினனான்" என்றாள் மலர்.

அப்படி இருந்த ஒரு மாலையில்தான் கண்ணாடியில் கண்டேன். தெருவின் எதிர்ப்பக்கத்தில், ஷவர்மா கடையின் அருகே, அபு நாஸரின் வெள்ளை ஜீப். உள்ளே அவர். எங்களைப் பார்க்கவில்லை, இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையசைத்ததும் ஷவர்மா வாங்க வந்தவர்போல அவசரமாக இறங்கினார். அவருக்குச் சீனி வியாதி, கொழுப்பு, எல்லாம் இருக்கிறது. பிறகு தினமும் வந்தார், தினமும் ஷவர்மா வாங்கினார். இந்தக் காரை அவரிடம் திரும்பச் சேர்க்காவிட்டால் மனிதர் கவலையிலோ ஷவர்மாவிலோ போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்தது.

4

நேராகக் கொடுத்துப் பார்த்தேன். கடையில் சாவியை மேசையில் வைத்து, "இவ்வளவு பெரிய பரிசு எங்களுக்கு அதிகம்" என்றேன். அவர் முகம் கறுத்தது.

"ஏன், காரில் ஏதும் குறையா?"

"குறை ஒன்றும் இல்லை."

"அப்படியென்றால் குறை என் சொல்லிலா? என் தகப்பனுடைய காரைக் கொடுத்தேன், ராஜா. கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கு என்கிறாயா? கலாஸ், இனி இந்தப் பேச்சு வேண்டாம்." சாவியை என் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிய விரல் அதில் கொஞ்சம் தங்கித்தான் வந்தது.

பிறகு சட்டத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினேன். லைசென்ஸ் இல்லாத சமையல்காரனின் பெயருக்குக் காரை மாற்றுவது கஷ்டமாம், அரசாங்கமே மறுத்தால் யாருக்கும் அவமானம் இல்லைதானே என்றேன். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அபு நாஸர் யோசித்தார். தொலைபேசியை எடுத்தார். மைத்துனரின் மகன் ஒருவன், அவனுடைய நண்பன் ஒருவன், யல்லா, யல்லா என்று ஒரு மணித்தியாலம் கத்தினார். இருபத்தைந்து வருடம் அசையாமல் கிடந்த என் தொழில் அந்த வாரமே 'கணக்காளர்' ஆகிவிட்டது. லைசென்ஸுக்கும் எழுதிப் போட்டாயிற்று. இளமையில் நான் கெஞ்சிக் கேட்டது, வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட நேரத்தில் வீடு தேடி வந்தது. "மப்ரூக்" என்று வாழ்த்தி என் கையைக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தது மலர்.

"அவையின்ரை வழக்கத்தாலை வந்த வினை அவையின்ரை வழக்கத்தாலைதான் போகவேணும். வீட்டை கூப்பிடுங்கோ. சாப்பாடு குடுப்பம். யன்னலாலை பாத்தால் கார் தெரியும். எப்பிடியும் 'நல்ல கார்' எண்டு வாய் தவறி ஒருக்காச் சொல்லுவார்தானே? சொன்ன உடனை நான் தஃபத்தல் எண்டு சாவியைக் குடுத்திடுவன்."

5

அபு நாஸர் வந்தார். யன்னலுக்கு நேர் எதிரே கதிரை போட்டிருந்தோம். கட்டில் விரிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்ததால் கீழே பச்சைக் கார் வெயிலில் பளபளவென்று நின்றது. இடியப்பம், சொதி, றால் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று மேசை நிரம்பியிருந்தது.

அவர் யன்னலை ஒருதரம் பார்த்தார். எங்கள் திட்டம் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அந்த வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவரிடமா நாங்கள் வித்தை காட்டுவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன அழகான திரைச்சீலை!" என்றார்.

மலர் விடவில்லை. "தஃபத்தல்" என்றாள்.

இப்போது அவர் நெஞ்சில் கைவைத்து மறுத்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் பெண்ணின் ஊரில் கொடுத்தால் வாங்காமல் விடுவது அவமரியாதை என்று அவருக்கு இதற்குள் தெரிந்துவிட்டது. எங்கள் மனம் நோகக் கூடாதே என்று, "ஷுக்ரன்" என்றார். நான் கதிரையில் ஏறித் திரைச்சீலையைக் கழற்றினேன். கழற்றியதும் கார் இன்னும் நன்றாகத் தெரிந்தது. தடுமாறிப்போய் எலுமிச்சை ஊறுகாயைப் புகழ்ந்தார். போத்தல் வந்தது. சுவர்க்கடிகாரத்தைப் புகழ்ந்தார். அதுவும் மடிக்கு வந்தது. கதிரைத் தலையணையைப் பார்த்து வாயைத் திறந்தவர், பயந்து மூடிக்கொண்டார். எங்கள் வீடு பாதி காலியாகிவிட்டது. காரைப் பற்றி அந்த மனிதர் மூச்சு விடவில்லை.

அபிதான் பொறுமை இழந்தாள். வளைகுடாவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு நம்முடைய மரியாதையும் தெரியாது, அவர்களுடைய மரியாதையும் தெரியாது என்று நான் எப்போதும் குறைபட்டுக்கொள்வேன். அவள் பள்ளிக்கூடத்து அரபியில் படபடவென்று கொட்டிவிட்டாள். அம்மாவுக்கு உங்கள் வழக்கம் தெரியாது, நீங்கள் மரியாதைக்குச் சொன்னதை உண்மை என்று நினைத்துவிட்டா, தயவுசெய்து உங்கள் காரைக் கொண்டுபோங்கள், உங்களால் நாங்கள் நித்திரை கொள்ளவில்லை.

எனக்கு வேலையே போய்விட்டதுபோல இருந்தது.

அபு நாஸர் மடியிலிருந்த கடிகாரத்தைத் துடைத்தார். "எனக்குத் தெரியும், மகளே" என்றார். "அன்றைக்கே தெரியும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேரிடம் எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கார், என் குதிரை, என் தோட்டம், எல்லாம். ஒருவரும் எடுத்ததில்லை. நான் சொன்னதை உண்மை என்று நம்பியது உன் தாய் ஒருத்திதான். நம்பியவளிடமிருந்து நான் எப்படித் திருப்பி வாங்குவேன்?"

நான் அதை மலருக்குத் தமிழில் சொன்னேன். மலர் உள்ளே போனாள். சாவியோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, அவரிட்டை வடிவாச் சொல்லுங்கோ. அவர் சொன்னதை நான் நம்பினனான். அதாலை அது என்ரை கார். இப்ப நான் என்ரை காரைக் குடுக்கிறன். மரியாதைக்கில்லை, உண்மையாக் குடுக்கிறன். என்ரை சொல்லை அவர் நம்புறாரோ இல்லையோ எண்டு கேளுங்கோ."

நான் கேட்டேன். அபு நாஸர் எழுந்து, கடிகாரத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார். அப்படி இரண்டு கையாலும் ஒன்றை வாங்குவது அவர்கள் வழக்கமில்லை.

நாங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் காரை ஒருமுறை சுற்றிவந்தார். இறக்கையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எஞ்சின் ஒரே பிடியில் எழும்பியது. எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. கார் தெருமுனையில் திரும்ப முதலே அந்த இடத்துக்கு மூன்று பேர் ஹோர்ன் அடித்துச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

6

மலருக்குக் கனடாவில் ஒரு அக்கா இருக்கிறா. ஞாயிறுதோறும் அழைத்து, புது வீடு, புதுச் சமையலறை, மருமகனுடைய புதுக் கார் என்று வரிசையாகச் சொல்லுவா. மலர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான் என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்த ஞாயிறும் அழைப்பு வந்தது. வழக்கம்போல வரிசை முடிந்தது. "அங்கை உங்கட பாடு என்ன மாதிரி?" என்று அக்கா கேட்டது எனக்கும் கேட்டது.

மலர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரைச்சீலை இல்லாத யன்னலால் வந்த வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில் இருந்தது.

"இஞ்சை பெரிசா ஒண்டுமில்லை அக்கா. போன கிழமை முதலாளிக்கு ஒரு கார் குடுத்தனாங்கள்."